அழைப்பவர் எண்ணை நமக்குச் சொல்வது யார்?

தொலைபேசி மணி ஒலித்தவுடன் ரிசீவரை எடுத்து, "யார் பேசுவது?" என்று கேட்பதே முன்னாளில் நமது வீடுகளின் வழக்கம். இன்று அவ்வாறு கேட்போர் அரிது. செல்பேசி ஒலித்ததும் முதலில் அதன் திரையைப் பார்க்கிறோம். தெரிந்த எண்ணாயின் புன்னகையோடு எடுக்கிறோம். தெரியாத எண்ணாயின் ஐயத்தோடு எடுக்கிறோம், அல்லது எடுக்காமலே விடுகிறோம். குரலைக் கேட்டு ஆளை அறிந்த நாம் எண்ணைப் பார்த்து ஆளை அறியப் பழகிவிட்டோம். இவ்வளவு நம்பிக்கைக்கு உரியதாகிவிட்ட அந்த எண்ணை நமது கருவிக்குச் சொல்வது யார்? அவர் சொல்வதை நாம் எவ்வளவு தூரம் நம்பலாம்? அண்மையில் நம்மிடம் வந்து கண் கலங்கிய சில குடும்பங்களே இக்கேள்விகளை இத்திங்கள் எடுத்துக்கொள்ளச் செய்தன.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நமது கையிலுள்ள கருவி, அழைப்பவர் யாரென்று தேடிக் கண்டுபிடிப்பதில்லை. அதற்கு அத்திறனும் இல்லை. அழைப்பு புறப்பட்ட இடத்தில் ஓர் இயந்திரம் எழுதிக்கொடுத்ததை அது படித்துக் காட்டுகிறது, அவ்வளவே. அஞ்சலில் வரும் கடித உறையை நினைத்துப் பாருங்கள். அதில் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, அனுப்புநர் தம் கையால் எழுதும் முகவரி. மற்றொன்று, அஞ்சல் நிலையத்தார் குத்தும் முத்திரை. முதலாவதை எவரும் எவ்வாறும் எழுதலாம். அஞ்சல் துறையினர் அதைச் சரிபார்ப்பதில்லை. இரண்டாவதோ, அக்கடிதம் எந்த ஊரில் அஞ்சலில் சேர்ந்தது என்பதற்கு அரசு தரும் சாட்சி. தொலைபேசி எண்ணானது முத்திரையாய் இருந்த காலம் ஒன்று உண்டு. அது எவ்வாறு அனுப்புநர் முகவரியைப்போல் ஆகிவிட்டது என்பதே நாம் சொல்லவிருக்கும் கதை.

சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் 1882-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றன. அக்காலத்தில் இணைப்பு கையால் தரப்பட்டது. ஒவ்வொரு வீட்டுக் கம்பியும் நிலையத்துப் பலகையில் தனக்கென அமைந்த துளையில் வந்து முடியும். வீட்டிலிருந்து அழைத்தால் அத்துளையருகே ஒரு சிறு மூடி விழும், அல்லது விளக்கு எரியும். எந்தத் துளை என்று பார்த்தவுடனே ஆபரேட்டர் அழைப்பவரை அறிந்துகொள்வார். வெளியூருக்கு 'டிரங்க் கால்' பதிவு செய்தால் நமது எண்ணையும் நாம் வேண்டும் எண்ணையும் சீட்டில் எழுதிக்கொண்டு, மணிக்கணக்கில் காக்கவைத்து இணைப்புத் தருவார். பர்மாவிலும் மலேயாவிலும் பிள்ளைகளை விட்டிருந்த செட்டிநாட்டு வீடுகள் அவசரச் செய்திக்குத் தந்தியையே நம்பியிருந்தன. பின்னாளில் தொலைபேசி வந்தபோதும், தெருவுக்கு ஒரு வீட்டில் இருந்தால் பெரிது. ஏனையோர் அவ்வீட்டு எண்ணையே தம் எண்ணாகக் கொடுத்து, அருகே 'பி.பி.' என்று குறித்துக்கொள்வர். அழைப்பு வந்தால் அவ்வீட்டுப் பிள்ளை ஓடிவந்து கூப்பிடும். இவை அனைத்திலும் நடுவே ஒரு மனிதர் நின்றார்; அடையாளம் கண்டது அவருடைய கண்ணும் காதுமே. (அக்காது வேண்டியதற்கு மேலும் கேட்டது என்பது வேறு செய்தி.)

நடுவில் நின்ற அம்மனிதரை அகற்றியவர், அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் சவ அடக்கத் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர். அதே தொழிலைச் செய்த போட்டியாளரின் மனைவி ஆபரேட்டராய் இருந்துகொண்டு, தமக்கு வரவேண்டிய அழைப்புகளைத் தம் கணவருக்குத் திருப்பிவிட்டார் என்று ஸ்ட்ரோஜர் சினங்கொண்டதாக ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், 1891-இல் அவர் பெற்ற காப்புரிமையிலிருந்து தானியங்கித் தொலைபேசி நிலையம் பிறந்தது. எண் தட்டைச் சுழற்றும்போது எழும் துடிப்புகளுக்கு ஏற்ப, நிலையத்துக் கருவிகள் படிபடியாக ஏறியும் திரும்பியும் தாமே இணைப்பைத் தேடிக் கொடுக்கும். இந்தியாவின் முதல் தானியங்கி நிலையம் 1913-14-இல் சிம்லாவில் அமைந்தது. 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே எஸ்.டி.டி. வந்தது, வெளியூர் அழைப்புக்கும் ஆபரேட்டர் வேண்டாம் என்றாயிற்று.

ஈண்டு ஒரு விந்தையைக் கூறவேண்டும். அந்த இயந்திரம் அழைப்பு எங்கே செல்லவேண்டும் என்பதை அறியும். எவரிடமிருந்து வந்தது என்பதை அறியாது. நாம் சுழற்றிய இலக்கங்கள் போகவேண்டிய இடத்தைத்தான் குறிக்கின்றன. புறப்பட்ட இடத்தைக் குறிக்க அவற்றில் ஒன்றுமில்லை. அவ்வாறாயின் கட்டணத்தை யாரிடம் வாங்குவது? ஒவ்வொரு சந்தாதாரர் கம்பிக்கும் நிலையத்தில் ஒரு மீட்டர் இருந்தது. பேசப் பேச அது ஓடும்; வெளியூராயின் விரைந்து ஓடும். குறித்த நாளில் மீட்டர்களின் வரிசையைப் புகைப்படம் எடுத்துக் கணக்கிடுவர். பில்லில் மொத்த எண்ணிக்கை மட்டுமே இருக்கும். எவருக்கு, எப்போது பேசினோம் என்பது இராது. "நாங்கள் ஊரிலேயே இல்லையே, இத்தனை அழைப்புகள் எவ்வாறு?" என்று முறையிட்டவர்க்கு உறுதியான விடை சொல்ல நிலையத்தாரிடம் ஏடு எதுவும் இல்லை. மீட்டர் எண்ணத் தெரிந்தது, எழுதத் தெரியவில்லை.

ஒருவர் இரவில் அழைத்து மிரட்டினார் என்றால் அவரைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே பணியாளர் நிலையத்துக்குள் கருவியிலிருந்து கருவிக்குப் பின்னோக்கிச் சென்று, எந்தக் கம்பியில் போய் முடிகிறது என்று பார்க்கவேண்டும். அழைப்பு வேறு நிலையத்திலிருந்து வந்திருந்தால் அங்குள்ளவரைக் கூப்பிட்டு அவரையும் அவ்வாறே தேடச் சொல்லவேண்டும். நடுவில் மிரட்டியவர் ரிசீவரை வைத்துவிட்டால் இழை அறுந்தது. பழைய திரைப்படங்களில் காவல் அதிகாரி, "பேச்சை நீட்டிக்கொண்டே இருங்கள்" என்று கதாநாயகியிடம் சைகை காட்டுவது வெறும் கற்பனையன்று.

1980-களில் நிலைமை மாறியது. பிரெஞ்சு நாட்டுத் தொழில்நுட்பத்தைக் கொண்டு உத்தரப் பிரதேசத்து மன்காப்பூரில் மின்னணு நிலையங்கள் செய்யத் தொடங்கினார்கள். 1984-இல் சி-டாட் என்னும் ஆய்வு நிறுவனத்தை அரசு நிறுவியது. சாம் பிட்ரோடா முன்னின்று நடத்திய அந்நிறுவனம் உருவாக்கிய 128 இணைப்புகள் கொண்ட சிறு நிலையம், 1986-இல் கருநாடகத்துக் கித்தூரில் பணிக்கு வந்தது. குளிரூட்டும் வசதியற்ற, தூசும் வெப்பமும் மிகுந்த சிற்றூர்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டது அது. இப்புதிய நிலையங்களின் உள்ளே இருந்தது கணிப்பொறி. எந்தக் கம்பிக்கு எந்த எண் என்பதை அது நினைவில் வைத்திருந்தது. நாம் ரிசீவரை எடுத்த நொடியிலேயே நமது எண் அதற்குத் தெரியும். ஒவ்வோர் அழைப்பையும் தனித்தனியே எழுதிவைக்கவும் அதற்குத் தெரிந்தது.

ஒரு நிலையம் தெரிந்துகொண்டதை அடுத்த நிலையத்துக்குச் சொல்வது எவ்வாறு? இதற்கென உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட முறை 'ஏழாம் எண் சைகை முறை' எனப்படும். 1980-இல் அதன் விதிகள் வெளியாயின. குரல் செல்லும் பாதை ஒன்று, நிலையங்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் பாதை வேறொன்று என்று அது பிரித்தது. காரைக்குடியிலிருந்து ஒருவர் சென்னைக்கு அழைக்கிறார் என்று கொள்வோம். குரல் புறப்படுவதற்கு முன்பே, செய்திப் பாதையில் ஒரு சிறு முன்னறிவிப்புச் செல்கிறது. அதில் அழைக்கப்படும் எண் இருக்கும். அழைப்பவர் எண்ணும் இருக்கும், 04565 என்னும் நமது ஊர்க் குறியீட்டோடு. அவ்வெண்ணை எதிர்முனையில் காட்டலாமா, மறைக்கவேண்டுமா என்ற குறிப்பும் உடன் செல்லும். 'எண் மறைக்கப்பட்டது' என்று திரையில் வரும்போதும் எண் வராமலில்லை. வந்த எண்ணை நமக்குக் காட்ட வேண்டாம் என்பதே கட்டளை. நம் நாட்டில் அவ்வசதி பொதுமக்களுக்கு எளிதில் தரப்படுவதில்லை.

கடைசி நிலையத்திலிருந்து வீட்டுத் தொலைபேசிக்கு அவ்வெண் வந்துசேரும் வழியும் சுவையானது. அமெரிக்காவில் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடைப்பட்ட அமைதியில், நொடிக்கு 1200 துணுக்குகள் வீதம் இரு சுருதிகளில் மாறி மாறி ஒலிக்கும் ஓசையாக அதை அனுப்பினார்கள். எண்ணோடு நாளும் நேரமும் அதிலேயே வந்தன. வேறு சில நாடுகள், எண் பொத்தான்களை அழுத்தும்போது எழும் அதே ஓசைகளை மணி அடிக்கும் முன்பே அனுப்பின. எண்ணைக் காட்டும் சிறு பெட்டியைத் தொலைபேசிக்கு அருகே வைத்து, அவ்வசதிக்கெனத் தனிக் கட்டணமும் கட்டிய நாட்கள் வாசகர் பலருக்கு நினைவிருக்கும்.

இதுவரை சொன்னதில் எண் என்பது முத்திரையே. கம்பி ஒரு வீட்டில் முடிகிறது. மறுமுனை அரசின் நிலையத்தில் முடிகிறது. எண்ணை எழுதுவது நிலையம். வீட்டுக்காரர் விரும்பினாலும் தம் எண்ணைத் திருத்தி எழுத இயலாது.

செல்பேசியிலும் பெரும்பாலும் அப்படியே. இதைக் கேட்டுப் பலர் வியப்பர்: நாம் அழைக்கும்போது நமது செல்பேசி தன் எண்ணைச் சொல்வதே இல்லை. சிம் அட்டையினுள் வேறொரு நீண்ட எண் பொறிக்கப்பட்டுள்ளது. இந்திய அட்டைகளில் அது 404 அல்லது 405 என்று தொடங்கும். அதையும், அட்டையில் மறைந்திருக்கும் இரகசியத் திறவுகோலையும் கொண்டு நிறுவனம் அட்டையைச் சோதித்து அறிகிறது. பின்னர் தன் ஏட்டைப் புரட்டி, இவருக்குரிய 10 இலக்க எண் இது என்று தானே எழுதி அனுப்புகிறது. 2011 சனவரி முதல் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றும், 2015 சூலை முதல் மாநிலம் விட்டு மாநிலம் சென்றாலும் அவ்வாறே என்றும் ஆனபின், எண்ணைப் பார்த்து ஊரையும் நிறுவனத்தையும் ஊகிக்கும் பழக்கத்துக்குப் பொருளில்லாமற் போயிற்று.

எண் முன்னே ஓட, குரல் பின்னே வருகிறது என்பதை நம் மக்கள் எந்த நூலையும் படிக்காமலே கண்டுகொண்டார்கள். 'மிஸ்டு கால்' என்னும் கலை அதிலிருந்து பிறந்ததன்றோ? எடுப்பதற்கு முன் துண்டித்தால் காசில்லை. எண் மட்டும் போய்ச் சேர்ந்துவிடும். பேருந்து ஏறிவிட்டேன் என்பதற்கு ஒரு மணி, வந்து இறங்கிவிட்டேன் என்பதற்கு இரண்டு மணி என்று உடன்படிக்கை செய்துகொண்ட குடும்பங்கள் எத்தனை! நிறுவனங்கள் இலவசமாகத் தர எண்ணியிராத தந்திச் சேவையை ஏழைகள் தாமே அமைத்துக்கொண்டனர். இன்று அதே வழியில், வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒருமுறை மணியடித்து நிறுத்தி, நாம் திருப்பி அழைத்தால் பெருங்கட்டணம் பிடுங்கும் கூட்டமும் உண்டு.

இனி நமது கவலைக்கு வருவோம். காரைக்குடிப் பக்கம், பிள்ளைகளை வெளிநாட்டில் விட்டுவிட்டுப் பெரிய வீட்டில் தனித்து வாழும் ஆச்சி ஒருவர். பல ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றியவர், ஏமாளி அல்லர். ஒரு நண்பகலில் வந்த அழைப்பில் அவர் கணக்கு வைத்துள்ள வங்கியின் எண்ணே தெரிந்தது. கணக்கு முடங்கப்போவதாகவும், காப்பாற்றவேண்டுமானால் செல்பேசிக்கு வந்துள்ள 6 இலக்க எண்ணைச் சொல்லவேண்டும் என்றும் மரியாதையான குரல் கேட்டது. சொன்னார். மாலைக்குள் ஓய்வூதியச் சேமிப்பின் பெரும்பகுதி போயிற்று. பின்னர் பிள்ளைகள் கடிந்துகொண்டபோது அவர் கேட்டது இது: "ஆள் பொய் சொல்லுவான், ஒத்துக்கொள்கிறேன். எண் எப்படிப் பொய் சொல்லும்?" கேள்வி நியாயமானது. அவரைக் கடிந்துகொண்டவர் எவருக்கும் அதற்கு விடை தெரிந்திருக்கவில்லை.

விடை இதுதான். ஏழாம் எண் சைகை முறையை வகுத்தவர்கள், அதில் இணைவோர் எல்லாரும் அரசுத் துறைகளும் பெரிய நிறுவனங்களும் என்று எண்ணியே வகுத்தனர். முதல் நிலையம் எழுதிய எண்ணை இரண்டாவது நிலையம் கேள்வியின்றி ஏற்கும், மூன்றாவதும் அவ்வாறே. நம்பகமானவர்களின் சங்கிலியாக இருந்தவரை இதில் குறையில்லை. பின்னர் இணையத்தின் வழியே குரலை அனுப்பும் முறை பரவிற்று. அழைப்பு புறப்படும் இடம் அரசின் நிலையமாக இருக்கவேண்டிய தேவை நீங்கியது. எங்கோ ஓர் அறையிலுள்ள கணிப்பொறியே நிலையமாகலாம். 'அழைப்பவர் எண்' என்ற கட்டத்தில் அக்கணிப்பொறிக்காரர் எதை எழுதுகிறாரோ அதைச் சங்கிலியின் மற்றக் கண்ணிகள் அப்படியே கடத்தின. முத்திரை குத்தும் கட்டையை அனுப்புநர் கையிலேயே கொடுத்ததற்கு இது ஒப்பாகும்.

இதில் மிகுந்து நடந்தது, வெளிநாட்டிலிருந்து புறப்படும் அழைப்பு இந்திய எண்ணை அணிந்துகொண்டு வருவது. இதைத் தடுக்க 2024 அக்டோபர் 22 அன்று நடுவண் அரசின் தொலைத்தொடர்புத் துறை ஓர் அமைப்பைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 35 இலட்சம் அழைப்புகள் பொய்யெண் கொண்டவை என்று கண்டு தடுக்கப்பட்டன. இந்திய எண்ணைக் காட்டி வெளிநாட்டிலிருந்து வந்த அழைப்புகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு அவை என்று துறை அறிவித்தது. இதன் அடிப்படை எளிமையானது. +91 என்று தொடங்கும் எண்ணோடு கடல் கடந்து ஓர் அழைப்பு வாயிலுக்கு வருகிறது. அந்த எண்ணுக்குரியவர் தம் சிம் அட்டையோடு உண்மையிலேயே வெளிநாடு சென்றிருக்கிறாரா என்று ஏடு பார்க்கப்படும். சென்றிருந்தால் வழிவிடுவர். காரைக்குடியிலேயே அவர் அட்டை உயிரோடு இருக்குமானால், வெளியிலிருந்து வருவது போலியென்பது விளங்கிவிடும். கோடிக்கணக்கில் நடந்துவந்த ஒரு மோசடிக்கு இவ்வளவு எளிய கேள்வியை முன்னரே கேட்டிருக்கலாகாதா என்று நமக்குத் தோன்றத்தான் செய்கிறது.

வாயில் அடைபட்டால் மதிலைத் துளைப்போரும் உண்டு. நூற்றுக்கணக்கான சிம் அட்டைகளை ஒரே பெட்டியில் செருகி, வெளிநாட்டு அழைப்பை இணையத்தில் வாங்கி, உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடும் கருவிகளைக் காவல்துறை பல இடங்களில் கைப்பற்றியுள்ளது. சிங்கப்பூரிலிருந்து மகன் பேசும்போது திரையில் அறியாத உள்ளூர் எண் தெரிந்த புதிரை அனுபவித்த பெற்றோர் நம்மிடையே உண்டு; மலிவுக் கட்டணத்தில் பேசுவதாக மகன் எண்ணியிருப்பார், அழைப்போ இத்தகைய பெட்டி வழியே வந்திருக்கும். 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், தொலைபேசி அடையாளங்களைத் திருத்துவோர்க்கு 3 ஆண்டு வரை சிறையும் 50 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. அமெரிக்கர் வேறு வழியை மேற்கொண்டனர். அழைப்பைத் தொடங்கும் நிறுவனம் எண்ணுக்குப் பொறுப்பேற்றுக் கணிப்பொறிக் கையொப்பம் இடவேண்டும் என்று 2019-இல் சட்டம் செய்து, 2021 சூன் 30 முதல் பெரிய நிறுவனங்களை அதற்கு உட்படுத்தினர்.

எண்ணோடு பெயரும் தெரிந்தால் போதாதா என்பர் சிலர். செயலிகள் காட்டும் பெயர், பிறருடைய முகவரிக் குறிப்புகளிலிருந்து திரட்டியது. எவரும் தமக்கு 'வங்கி மேலாளர்' என்று பெயர் சூட்டிக்கொள்ளலாம். சிம் வாங்கியபோது விண்ணப்பத்தில் கொடுத்த பெயரையே நிறுவனம் காட்டவேண்டும் என்று டிராய் ஆணையம் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரைதான். ஆயினும் நம் பக்கத்து ஆச்சிமாரில் பாதிப் பேர் வைத்திருப்பது பேரன் பெயரில் வாங்கிய அட்டை! மேலும், எண்ணே பொய்யாயின் அதற்குரிய பெயர் மெய்யாய் இருந்து என்ன பயன்? 2024 மே மாதத்தில் வங்கி, காப்பீடு, அரசு அலுவலகம் ஆகியவற்றின் சேவை அழைப்புகளுக்கென 160 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டன. இது சற்றே உதவும்.

மேற்சொன்ன வழிகளினும் எளிதானது ஒன்று உண்டு; அது தொலைபேசியின் இயல்பிலேயே அமைந்துள்ளது. ஏமாற்றுவோர் வங்கியின் எண்ணைத் தம் அழைப்பில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை அவரால் வாங்க இயலாது. நாம் எண்ணை அழுத்தி அழைக்கும்போது நிலையங்கள் தம் ஏட்டைப் பார்த்து உண்மை உரிமையாளரிடமே கொண்டு சேர்க்கும். ஆகவே, "சரி ஐயா, நான் வைத்துவிட்டு நானே அழைக்கிறேன்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்து, வங்கிப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம் விரலால் அழுத்தவேண்டும். அவர் சொல்லும் எண்ணையோ, குறுஞ்செய்தியில் வந்த எண்ணையோ அன்று. உண்மையான அலுவலர் இதற்குச் சினம்கொள்ள மாட்டார். காவல்துறை, நீதிமன்றம் என்று சொல்லி, வீடியோவில் 'கைது' செய்கிறோம் என்போருக்கும் இது பொருந்தும். அத்தகைய கைது நம் சட்டத்தில் இல்லை என்று 2024 அக்டோபர் 27-ஆம் நாள் வானொலியில் தலைமை அமைச்சரே கூறினார். பணம் போய்விட்டதாயின் அழுதுகொண்டு மறுநாள்வரை இருத்தல் ஆகாது. 1930 என்ற எண்ணை அப்போதே அழைக்கவேண்டும். பணம் கணக்கிலிருந்து கணக்குக்குத் தாவும் முன்பு தடுத்து நிறுத்த ஏற்பட்ட வழி அது.

கம்பித் தொலைபேசி வைத்திருப்போருக்கு மட்டும் ஒரு சொல். அழைத்தவர் வைத்தால்தான் இணைப்பு முற்றாக அறும் என்பது பழைய தானியங்கி நிலையங்களின் வழக்கம். அவ்வழக்கம் எஞ்சியிருந்த இங்கிலாந்தில், ஏமாற்றுவோர் தம் பக்கம் வைக்காமலே இருந்து, முதியவர் மீண்டும் ரிசீவரை எடுக்கும்போது 'டயல் டோன்' ஓசையை ஒலிக்கச் செய்தனர். வங்கிக்கு அழைப்பதாக எண்ணி அவர் மீண்டும் அதே திருடரிடமே பேசினார். அவ்வாறான ஐயம் இருப்பின் சில நிமிடம் பொறுத்தோ, வேறொரு தொலைபேசியிலிருந்தோ அழைப்பது நன்று. பக்கத்து வீட்டுத் தொலைபேசியாயினும் சரிதான்; 'பி.பி.' எண் வழங்கிய நாட்களில் அதற்கு எவரும் கூசியதில்லை.